பன்னிரண்டாம் கேள்வி

அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள்.
நீங்கள் கொடுத்த வாளிதான்.
அடியில் விரிசல்,
இப்போது விருந்தாளிகளுக்கு.

பெயர் எஸெலீனா.
முதலில் வந்தவர் எலிசா என்று எழுதிப் போனார்.
மாவு மூட்டை எலிசாவுக்கு வந்தது.
ஒரு மாதம் எலிசாவாக இருந்து தின்றேன்.

குடும்பத்தில் எத்தனை பேர்?
எந்தத் தேதிப்படி?
அந்த வியாழக்கிழமை வரை ஆறு.
ஆறு வந்து போன பின் ஐந்து.
முகாமில் பிறந்தவளைச் சேர்த்தால் மறுபடி ஆறு.
உங்கள் தாளில்
எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இரண்டு இரவு மாமரத்தில் இருந்தோம்.
கீழ்க்கிளையில் ஒரு பாம்பு.
அதுவும் எங்களைப் போல்
யாருக்கும் தீங்கு நினைக்க நேரமில்லாமல்.
விடிந்து படகின் சத்தம் கேட்டபோது
ஸூஸேயின் கையைப் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.
பிடித்திருந்தது கிளையை.

அதற்குக் கட்டம் இல்லையா, சரி. அடுத்தது?

முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள்.
நீலத் தார்ப்பாய், குளோரின் மாத்திரை,
துணிப் பொதியில் பனிநாட்டுக் கம்பளிக் கோட்டு ஒன்று,
கணுக்கால் வரைக்கும்.
என்சாஞ்சே வெயிலில் அதைப் போட்டுக்கொண்டால்
வெந்த கிழங்காகத்தான் வெளியே வருவோம்.
குறை சொல்லவில்லை.
கடைசிக் குழந்தை பிறந்தது அதன்மேல்தான்.
பை நிறையப் பொத்தான் இருந்தது,
பெரியவன் சூதாடித் தீர்த்துவிட்டான்.

நிலம் இருக்கிறது.
நிலத்துக்கு மேல் மணல் இருக்கிறது,
சில இடத்தில் முழங்கால், சில இடத்தில் இடுப்பு.
எனக்கும் ஃபோஸ்டினோவுக்கும் எல்லை
ஒரு கறையான் புற்று.
அதை வைத்துப் பதினோரு வருடம்
முகம் கொடுத்துப் பேசாதவர்கள் நாங்கள்.
வெள்ளம் புற்றைக் கரைத்துக் குடித்துவிட்டது.
வெள்ளை மணலில் இரண்டு பேரும் நின்றோம்,
கடலைப் பார்த்த ஆடுகள் மாதிரி.
அவர் ஒற்றைப் பனையிலிருந்து எட்டு வைத்து எண்ணினார்.
அறுபத்திரண்டில் குச்சியை நட்டார்.
சண்டைக்கு வாயைத் திறந்தவள்
அப்படியே நின்றேன்.
குச்சி அவர் பக்கம் மூன்று அடி தள்ளி இருந்தது.
"கறையானுக்கு என்ன அளவு தெரியும்" என்றார்.
வேறொன்றும் பேசவில்லை.

உங்கள் மக்காச்சோள விதையா?
வந்தது, ரோஜா நிறச் சாயம் பூசி,
மழை போய் ஐந்து வாரம் கழித்து.
சிலர் கழுவித் தின்றார்கள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.
நான் ஊன்றினேன்; முளைத்ததும் காய்ந்தது.

அதன்பின் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்தாள்.
பின்னால் ஈரச்சாக்கு, உள்ளே வள்ளிக்கிழங்குக் கொடி,
அவ்வளவுதான்.
மணலில் குந்தி, கையளவு கையளவாக வெட்டி நட்டாள்.
போய்விடுவாள் என்று நினைத்தோம்.
பதினைந்து நாளுக்கொரு முறை வந்தாள்.
படம் பிடிக்க ஒன்றுமில்லாத மாதங்களிலும்,
சக்கரம் பஞ்சரானால் வண்டியை உருட்டிக்கொண்டும்.
கொடி பிடித்தது.
நான் ஃபோஸ்டினோவுக்கு ஒரு கட்டு அறுத்துக் கொடுத்தேன்.
அவர் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் கொடுத்தார்.
இப்போது எங்கே வரை போயிருக்கிறது, தெரியாது.
கொடிக்கு நாங்கள் கைநாட்டு வாங்குவதில்லை.

பன்னிரண்டாவதைத் திரும்பப் படியுங்கள்.
"மீண்டுவிட்டீர்களா? ஆம், இல்லை, ஓரளவு."

கேளுங்கள்.
கூரைத் தகரத்தில் நாலு துளி விழுந்தால் போதும்,
மூத்தவள் எழுந்து
தங்கையை முதுகில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி
வாசலில் நிற்கிறாள்.
கண் மூடியேதான் இருக்கிறது.
காலையில் கேட்டால் ஞாபகமில்லை என்கிறாள்.
கிழங்கு நன்றாக விளைகிறது.
இதில் எதற்கு நீங்கள் டிக் போடுவீர்கள்?

பென்சிலை மூடாதீர்கள், இன்னும் ஒன்று இருக்கிறதே,
தேவைகள்.
மண்வெட்டி, ஒன்று.
இல்லை, பொறுங்கள்.
ஃபோஸ்டினோவுடையது காம்பு முறிந்து கிடக்கிறது,
அவர் கேட்கிற ஆள் இல்லை.
இரண்டு என்று எழுதுங்கள்.
வீட்டுக்கு ஒன்றுதான் என்றால்
இன்னொன்றை
எலிசா பெயரில் போடுங்கள்.